‘சைடு’ன்னு முடிஞ்சா எல்லாம் கொலையா? இதுல ‘சிதை’ எங்கேயிருந்து வந்துச்சு?

ஜெலுத்தோங் வாணி
மூணு நாளா எங்க குடும்பக் குழு, கோயில் குழு, பெற்றோர் குழு எல்லாத்திலேயும் ஒரே செய்திதான் சுத்துது. நேத்து ராத்திரி பிறை மாறன் அண்ணன் இங்கேயும் போட்டிருக்கார். பார்க்காதவங்களுக்காக: “ஆங்கிலத்தில் சைடு என முடியும் சொற்கள் எல்லாம் கொலையைக் குறிப்பவை. ஹோமிசைடு மனிதக் கொலை, சூசைடு தற்கொலை, பெஸ்டிசைடு பூச்சி கொலை. அந்தச் சைடு வேறொன்றுமில்லை, அழித்தல் என்னும் பொருளுடைய நம் தமிழ்ச் சிதைதான். தமிழன் என்றால் பகிருங்கள்.”

எங்கிட்ட டியூஷன் படிக்கிற நாலாம் படிவப் பையன் இதை அப்படியே கட்டுரையில எழுதிட்டு வந்து நிக்கிறான். அந்தக் கோவத்துலதான் எழுதறேன்.

லத்தீன்ல வினைச்சொல் ‘கய்டெரெ’. வெட்டு, அடி, வெட்டிச் சாய்னு அர்த்தம். அதுல ‘ச’வே கிடையாது. ரோமாபுரிக்காரங்க சீசரைக் ‘கைசர்’னுதான் கூப்பிட்டாங்க. ஜெர்மன்காரங்க பேரரசரைக் கைசர்னு சொல்றது அந்தப் பழைய உச்சரிப்போட மிச்சம். அந்த ‘க’ பிற்பாடு பிரெஞ்சு வழியா வரும்போதுதான் ‘ச’ ஆச்சு. சிதையோட ‘சி’யையும் சைடோட ‘சை’யையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு ஒரே சொல்லுன்னு முடிவு கட்டினா எப்படி?

பிறை மாறன்
தங்கச்சி வாணி அவர்களுக்கு. நான் 22 ஆண்டுகளாக வேர்ச்சொல் படித்து வருகிறேன். டியூஷன் நோட்டில் உள்ளதை வைத்து என்னோடு வாதாட வேண்டாம். ‘க’ ‘ச’ ஆகும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. கன்னடத்தில் கெம்பு, தமிழில் செம்மை. ஆகவே சிதைக்கு முன்பு ‘கிதை’ இருந்திருக்கும். கிதை, கய்டெரெ. வேறென்ன வேண்டும்?

சிதை என்பது வள்ளுவர் கையாண்ட சொல். “சிதைவிடத்து ஒல்கார் உரவோர்”, 597ஆம் குறள். ஆங்கிலம் பிறக்காத காலம் அது.

ஜெலுத்தோங் வாணி
அண்ணே, கிவி செவி ஆனதும் உண்மை, கெம்பு செம்மை ஆனதும் உண்மை. அதெல்லாம் கன்னடத்துல இன்னிக்கும் ஆள் பேசற சொல். ‘கிதை’யை எந்த ஊர்ல பேசறாங்க? இருந்திருக்கும்னு சொன்னா இருந்ததா ஆயிடுமா?

அந்தக் குறளையே எடுத்துக்குவோம். உடம்பு முழுக்க அம்பு தைச்ச யானை அசையாம நிக்குது, அதுமாதிரி ஊக்கம் உள்ளவங்க அழிவு வந்தாலும் தளர மாட்டாங்கங்கிறார். யானை சாகல அண்ணே, நிக்குது! சிதைவுன்னா கெட்டுப் போறது, குலைஞ்சு போறது. கொலையைப் பத்தி வள்ளுவர் பேசற இடம் 33ஆம் அதிகாரம், கொல்லாமை. அதுல பத்துக் குறளையும் படிச்சுப் பாருங்க. கொல், கோறல், கொலை இருக்கு. சிதை ஒரு இடத்துல கூட இல்ல.

செந்தூல் குணா
வாணி அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். டிசைடும் சைடுலதானே முடியுது? நான் தினமும் மாமாக் கடையில ரொட்டி சானாயா, தோசையான்னு டிசைடு பண்றேன். யாரைக் கொன்னேன்?

ஜெலுத்தோங் வாணி
குணா தம்பி, சரியான இடத்துல கை வச்சீங்க. டிசைடும் அதே கய்டெரெதான். ‘டே’ன்னா விலக்கி, அறுத்து. வெட்டி விடறது. மனசு அங்கேயும் இங்கேயும் இழுக்கும்போது ஒரு பக்கத்தை வெட்டி எறியறோம் பாருங்க, அதுதான் டிசைடு. நாம ‘வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு’ன்னு சொல்றோமே, அதே எண்ணம். மலாய்ல ‘புத்துஸ்’னா அறுந்து போறது. அதுலேர்ந்துதான் ‘கெபுத்துசான்’, அதாவது முடிவு. எஸ்பிஎம் பரீட்சை கெபுத்துசான் வர்ற அன்னிக்கு நம்ம வீடுகள்ல யாருக்கும் சோறு இறங்காதே, அந்தக் கெபுத்துசான்தான்.

ஒரு மொழி இன்னொரு மொழிகிட்ட வாங்காமலே ரெண்டும் ஒரே மாதிரி யோசிக்கும். எனக்கு இதுல உள்ள அழகே அதுதான். கத்தரிக்கோலுக்கு உள்ள சிசர்ஸ், தச்சர் கையில உள்ள சிசல் எல்லாமே இந்த வெட்டுக் குடும்பம். நீங்க கான்ட்ராக்டர், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், சிமெண்டும் இதே வேர். வெட்டின கல்லோட சில்லுக்கு லத்தீன்ல கய்மென்டும்னு பேர். ஆக, சைடுன்னா முதல்ல வெட்டு. கொலை அதுல ஒரு கிளை.

பிறை மாறன்
பார்த்தீர்களா? தமிழிலும் அப்படித்தான். தீர் என்றால் முடிவு, தீர்ப்பு. தீர்த்துக் கட்டு என்றால் கொலை. முடிவும் கொலையும் ஒரே வேரில் நிற்பது தமிழின் தனிச் சிறப்பு. அதைத்தான் லத்தீன்காரன் எடுத்துக்கொண்டான். எனவே சிதைதான்.

செந்தூல் குணா
தீர்லேர்ந்து சிதைக்கு எப்படிண்ணே தாவினீங்க?

பிறை மாறன்
தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வர வேண்டாம்.

ஓய்வாசிரியர் பாகான்
ஐயா மாறன் அவர்களே, உங்கள் செய்தியில் ‘பூச்சி கொலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், ஒற்று எங்கே? பூச்சிக் கொலை. அடுத்து, பெஸ்டிசைடு என்பது கொலை அல்ல, கொல்லி. பூச்சிக்கொல்லி. தமிழில் கொலை என்பது செயல், கொல்லி என்பது செய்வது. ஆங்கிலத்தில் ஒரே ஈறு இரண்டு வேலையையும் பார்க்கிறது. லத்தீனில் கொல்பவனுக்கு ‘கீடா’, கொலைக்கு ‘கீடியும்’ என்று தனித்தனியே இருந்தன. ஆங்கிலத்துக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள். அந்தச் செயலும் ரெஜிசைடு, மரண ஆணையில் கையெழுத்திட்ட 59 பேரும் ரெஜிசைடுகள். நம் மொழி பிரித்துக் காட்டுவதை ஆங்கிலத்தால் காட்ட முடியவில்லை. பெருமைப்படுவதானால் இதற்குப் பெருமைப்படுங்கள்.

பிறை மாறன்
ஒற்றுப் பிடிக்க வந்துவிட்டார். போன ஆண்டு பட்டிமன்றத்தில் எனக்கு 2 நிமிடம் மீதம் இருக்கும்போதே மணி அடித்து உட்கார வைத்தவர் நீங்கள். மறந்துவிடவில்லை.

ஓய்வாசிரியர் பாகான்
8 நிமிடம் என்று அறிவித்திருந்தோம். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. நீங்கள் அன்றும் தலைப்பை விட்டு வெளியே போய்விட்டீர்கள்.

பிறை மாறன்
எதிரணிக்கு 10 நிமிடம் கொடுத்தீர்கள். அரங்கமே பார்த்தது.

செந்தூல் குணா
பட்டிமன்றத்தை அப்புறம் வச்சுக்கலாம் லா. அக்கா, கோஇன்சைடு? கார்பன் டை ஆக்சைடு?

ஜெலுத்தோங் வாணி
ஆக்சைடு இந்தக் குடும்பமே இல்ல. 1787ல பிரான்சு வேதியியல் அறிஞர்கள் ஆக்சிஜனோட முதல் பாதியையும் ஆசிட்டோட கடைசிப் பாதியையும் ஒட்டி உண்டாக்கின பேர் அது.

கோஇன்சைடு இன்னும் நல்ல கதை. அது வெட்டு இல்ல, விழு. லத்தீன்ல ‘கடெரெ’ன்னா விழறது. ரெண்டு விஷயம் ஒரே இடத்துல வந்து விழுந்தா கோஇன்சைடு. அக்சிடென்ட், இன்சிடென்ட் எல்லாம் இந்த விழு குடும்பம். கய்டெரெ, கடெரெ ரெண்டுக்கும் முன்னொட்டு சேர்ந்தா ஒண்ணு ‘கீ’ ஆகும், இன்னொண்ணு ‘கி’ ஆகும். டேகீடெரென்னா வெட்டி முடிவு பண்றது, டேகிடெரென்னா உதிர்ந்து விழறது. குறில் நெடில் வித்தியாசம்தான்! படி, பாடின்னு பிரிச்சுப் பழகின நமக்கு இது புரியாமப் போகுமா? முதல் சொல்லுலேர்ந்து டிசைடு. ரெண்டாவதுலேர்ந்து டெசிடியுவஸ், அதாவது இலையுதிர் மரம்.

மாறன் அண்ணனுக்கும் இதுலயே பதில் இருக்கு. சைடுக்கு மூலமான லத்தீன் ‘கீ’யில இருக்கிற அந்த ‘ஈ’ ஒலி, முன்னால வேற சொல் வந்து ஒட்டினாத்தான் வரும். தனியா நின்னா ‘கய்’. சிதையில ‘கய்’யும் இல்ல, ‘க’வும் இல்ல.

நிபோங் திபால் தம்பி
இவ்வளவு நேரம் படிச்சிட்டுத்தான் இருந்தேன். இலையுதிர் மரம்னதும் எழுதத் தோணுச்சு. நான் தோட்டத்துல பிறந்தவன். பிப்ரவரி, மார்ச்சுல ரப்பர் மரம் மொத்த இலையையும் கொட்டிடும். லயத்து வாசல்ல நின்னு பார்த்தா கிளை கிளையா வானம் தெரியும். பால் குறைஞ்சு போகும், அம்மா கையில காசும் குறைஞ்சு போகும். அந்த ரெண்டு மாசம் எங்க வீட்டுல கருவாடும் ரசமும்தான்.

அம்மா காலையில பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய், தனக்குள்ள மர வரிசையைப் பிடிச்சு, தலையில விளக்கு கட்டிக்கிட்டு மரம் வெட்டுவாங்க. பட்டையில சாய்வா ஒரு கோடு. ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும், மேலாப் போனா பால் வராது. கத்தி பட்டையில போறப்ப சர்ருனு ஒரு சத்தம் வரும், அப்புறம் பால் சொட்டுச் சொட்டா மங்குல, அந்தக் கிண்ணத்துல விழும். வெட்டறதுன்னா கொல்றது இல்லன்னு அக்கா சொன்னது எனக்கு அங்கேயே தெரியும். ஒரே மரத்தை இருபது வருஷத்துக்கு மேல வெட்டுவாங்க.

பிற்பாடு அம்மாவை மருந்து அடிக்கிற வேலைக்கு மாத்தினாங்க. முதுகுல பம்பு, வாயில ஒரு துணி, அவ்வளவுதான். டின்ல இங்கிலீஷ்ல ஹெர்பிசைடுன்னு போட்டிருக்கும். யாரும் அதை எங்களுக்குப் படிச்சுச் சொன்னதில்ல. எல்லாரும் மருந்துன்னே சொன்னதால மருந்துதான்னு நினைச்சோம். அம்மாவுக்கு நகம் கருத்து உரிஞ்சுச்சு, மூக்குல ரத்தம் வரும். அந்த டின்ல களைக்கொல்லின்னு தமிழ்ல ஒரு சொல் இருந்திருந்தா, கொல்லின்னு பார்த்தாவது அம்மா பயந்திருப்பாங்க. பாராகுவாட்ங்கிற களைக்கொல்லியை இந்த நாட்டுல 2020லதான் முழுசாத் தடை பண்ணினாங்க.

ஓய்வாசிரியர் பாகான்
தம்பி, உங்கள் அம்மா நலமா?

நிபோங் திபால் தம்பி
இருக்காங்க சார். மூச்சுத்தான் கொஞ்சம் இழுக்கும்.

பிறை மாறன்
தம்பியின் தாயாருக்கு என் வணக்கம். களை சிதைந்துதானே போகிறது? ஆகவே ஹெர்பிசைடிலும் சிதைதான் நிற்கிறது.

ஜெலுத்தோங் வாணி
அண்ணே, அவர் அம்மாவைப் பத்திப் பேசறார். இப்பவுமா சிதை?

சரி, பிறந்த தேதியோட உள்ள ஒரு சொல் தர்றேன். ஜெனோசைடு. போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944ல வெளியிட்ட சொல். இனத்துக்குக் கிரேக்கத்துல கெனோஸ், கொலைக்கு லத்தீன்ல சைடு, ரெண்டையும் சேர்த்தேன்னு அவரே எழுதி வச்சிருக்கார். பெத்தவரே சொல்லிட்டார். இதுல சிதை எங்கே நுழையுது?

பிறை மாறன்
லெம்கின் லத்தீனிடம் எடுத்தார். லத்தீன் யாரிடம் எடுத்தது? அதைச் சொல்லுங்கள். கேஷ் என்பது காசு என்று உலகமே ஒத்துக்கொண்டபோது, சிதையை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? தமிழ் என்றாலே உங்களுக்குக் கசக்கிறது.

ஜெலுத்தோங் வாணி
எனக்கா தமிழ் கசக்குது? எங்க அப்பா என்னைத் தமிழ்ப்பள்ளியிலதான் போட்டார், என் ரெண்டு பிள்ளைங்களையும் நான் அங்கேதான் போட்டிருக்கேன். இந்தப் பேச்சை இனிமே பேசாதீங்க.

கேஷ்லேயும் பாதியைத்தான் சொல்றீங்க. ஆங்கிலத்துல கேஷ் ரெண்டு இருக்கு. கையில உள்ள ரொக்கம், அது பணப்பெட்டிக்கு இத்தாலியன்ல உள்ள ‘காசா’, பிரெஞ்சுல உள்ள ‘கெஸ்’ வழியா வந்தது. சின்னச் செப்புக் காசுக்கு வெள்ளைக்காரன் சொன்ன கேஷ், அது நம்ம காசு, போர்த்துகீசியர் வாய் வழியாப் போனது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கறதால ஒண்ணு ஆயிடாது.

நம்ம சொத்து என்னன்னு கேட்டா நான் அடுக்குவேன். கட்டமரான் கட்டுமரம். செரூட் சுருட்டு. மலாய்லயும் செருத்து. மல்லிகடானி மிளகுத்தண்ணீர். வெட்டிவர் வெட்டிவேர். அணைக்கட்டு கூட அனிகட்னு அவங்க அகராதியில உட்கார்ந்திருக்கு. எல்லாத்துக்கும் யார் கொண்டு போனாங்க, எந்தக் கப்பல்ல போச்சுன்னு தடம் இருக்கு. 1886ல வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில பக்கம் பக்கமா இருக்கு. இங்கே மலாய்ல கடை கெடாய், கப்பல் காப்பால், கட்டில் காத்தில், முதல் மோடால். நாளைக்கு என் டியூஷன் பையன் இதையெல்லாம் எழுதினா, அதுவும் வாட்சப் கதைன்னு அவன் டீச்சர் அடிச்சு விட்டுடுவாங்க. உண்மையான சொத்து மேல உங்க சிதையாலதான் சந்தேகம் விழுது. அதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது.

பிறை மாறன்
சிதை வேண்டாம் என்றால் ‘கொய்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கொய்தல் என்றால் அறுத்தல். கொய், கய். ‘க’வும் வந்துவிட்டது, வெட்டும் வந்துவிட்டது. இப்போது என்ன சொல்வீர்கள்?

செந்தூல் குணா
அப்போ சிதை இல்லன்னு ஒத்துக்கிட்டீங்களா?

பிறை மாறன்
இல்லை. சிதையும் சரி, கொய்யும் சரி.

ஜெலுத்தோங் வாணி
ஒரு சொல்லுக்கு ரெண்டு அம்மாவா?

ஓய்வாசிரியர் பாகான்
கொய் என்பதில் இறுதியில் ‘ட’ எங்கே ஐயா?

பிறை மாறன்
மணி அடிக்கும் பழக்கம் இங்கேயும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் எதிரே நிற்பேன். என் வேர்ச்சொல் நோட்டு மூன்றையும் கொண்டு வருகிறேன். வருகிறவர்கள் வரலாம்.

ஜெலுத்தோங் வாணி
வர்றேன். ‘கிதை’ எந்த நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்குன்னு குறிச்சு எடுத்துட்டு வாங்க.