கோட் வாங்குவதா, தைப்பதா?

தம்பி: எல்லோரும் ஒரு யோசனை சொல்லுங்கள். புது வேலையில் கோட் சூட் போட்டுத்தான் வர வேண்டுமாம். ஆறு வாரம் இருக்கிறது. ரெடிமேட் எடுக்கவா, அளவு கொடுத்துத் தைக்கவா?

அக்கா: ரெடிமேட் எடுடா. பிடித்தால் அன்றைக்கே கையோடு வாங்கி வந்துவிடலாம். டெய்லரிடம் கொடுத்தால் நடையாய் நடக்க வேண்டும்.

சித்தப்பா: பொறு. கடையில் போட்டுப் பார்த்தாயா? முன்னால், பின்னால், பக்கவாட்டில் எடுத்த போட்டோ இருந்தால் அனுப்பு. கையைச் சும்மா தொங்கவிட்டு நின்றதாக இருக்க வேண்டும்.

தம்பி: 📷 மூன்று படங்கள்
தம்பி: 40 அளவு சித்தப்பா. மார்புக்குச் சரியாக இருந்தது, பேண்ட் மட்டும் இடுப்பில் தொளதொள.

சித்தப்பா: அது அப்படித்தான் இருக்கும். ரெடிமேட் சூட்டில் பெரும்பாலும் மார்பளவைவிட ஆறு அங்குலம் குறைத்துத்தான் பேண்ட் இடுப்பு வைப்பார்கள், 40 கோட்டுக்கு 34. உனக்கு இடுப்பு 31 இருந்தால் அதிகம். சரி, அதைப் பிடித்துவிடலாம், பெரிய விஷயமில்லை. முதுகுப் பக்கப் படத்தைப் பார். வலது தோளுக்குக் கீழே சாய்வாக மடிப்பு விழுகிறது, ஏனென்றால் உன் வலது தோள் கொஞ்சம் தாழ்வு. நிறையப் பேருக்கு இப்படி உண்டு. ஃபேக்டரியில் இரண்டு தோளும் ஒன்றுபோல இருப்பதாக வைத்துத்தான் வெட்டுகிறார்கள். டெய்லர் அந்தப் பக்கச் சரிவை மாற்றி வெட்டுவார், இல்லை மெல்லிசாக ஒரு பேட் கூடுதலாக வைத்துச் சமன் செய்வார்.

அக்கா: அதையும் ஆல்டர் பண்ண முடியாதா சித்தப்பா?

சித்தப்பா: கை நீளம், இடுப்பு, பேண்ட் அடி, இதெல்லாம் சுலபம். தோளைத் தொட்டால் கையைக் கழற்றி, காலரைப் பிரித்து, பாதி கோட்டைத் திரும்பத் தைக்க வேண்டும். கைத்துளை இன்னும் மோசம். ஒரே அளவு பல உடம்புக்கும் நுழைய வேண்டும் என்று அதைப் பெரிதாக, தாழ்வாக வெட்டிவிடுகிறார்கள், அதனால் கையைத் தூக்கினால் கோட்டே மேலே ஏறுகிறது. வெட்டிப் போன துணியை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. அக்குளுக்கு நெருக்கமாக வெட்டியிருந்தால் கை மட்டும்தான் அசையும், காலர் கழுத்தை விட்டு நகராது. தைத்த கோட்டுக்கு நாம் கொடுக்கிற காசு முக்கியமாக இதற்குத்தான் என்பேன் நான்.

அக்கா: இவருடைய ரெடிமேட் கோட் டிரை கிளீனிங் போய் வந்த பிறகு மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. கடையில் கேட்டால் சலவைக்காரரைக் கேளுங்கள் என்றார்கள்.

சித்தப்பா: அது ஃபியூசிங். உள்ளே விறைப்புக்கு வைக்கிற துணியைப் பசை போட்டுச் சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுவார்கள். பசை விட்டால் கொப்புளம், அப்புறம் சரிசெய்வது கஷ்டம். இப்போது வருகிற பசை பரவாயில்லை, எல்லாக் கோட்டும் அப்படி ஆகாது. பழைய முறையில் ஒட்டுவதே இல்லை. குதிரை மயிர் கலந்து நெய்த கேன்வாஸை வைத்து, லாப்பல், அதாவது மார்புப் பக்கம் வெளியே மடிந்து விழுகிற பகுதி, முழுக்க ஊசியால் சின்னச் சின்னத் தையலாகப் பிடிப்பார்கள். அது போடப் போட உடம்புக்குப் படிந்துவிடும். ஆனால் டெய்லர் தைத்தாலே கேன்வாஸ் என்று நினைத்துவிடாதே தம்பி, பல பேர் ஃபியூசிங்தான் போடுகிறார்கள். வாய்விட்டுக் கேள்.

தம்பி: தைத்த கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

சித்தப்பா: பட்டன் துளைக்குக் கீழே வெளித்துணியையும் உள்துணியையும் இரண்டு விரலால் பிடித்துப் பிரித்துப் பார். நடுவில் தனியாக ஒரு அடுக்கு நழுவினால் கேன்வாஸ்.

நான்: நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லண்டனில் சாவில் ரோ என்று டெய்லர் கடைகளுக்குப் பேர்போன தெரு இருக்கிறது, அங்கே ஹென்றி பூல் மாதிரிக் கடைகளில் இன்றும் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பேப்பரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி, வரைந்துதான் வெட்டுகிறார்கள், ஒரு சூட்டுக்கு 50 மணி நேரத்துக்கு மேல் கைவேலை. இன்னொரு வகை, இருக்கிற பேட்டர்னிலேயே உன் அளவுக்கு அங்கங்கே கூட்டிக் குறைப்பது. இரண்டுக்கும் பேர் அளவுத் தையல்தான். எது என்று கேட்டுக்கொள்.

தம்பி: துணி? சூப்பர் 150 நல்லது என்கிறார்கள்.

சித்தப்பா: அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கு. சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது, எண் ஏற ஏற இன்னும் மெல்லிசு. தொட்டால் வழவழப்பாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், தேயும். தினசரி உட்கார்ந்து எழுந்திருக்கிறவனுக்கு 100, 110 போதும். மிச்சக் காசைத் தையலுக்குக் கொடு.

அக்கா: சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை எடை ஏறினால் எல்லாம் வீண்தானே?

சித்தப்பா: அதற்கும் வழி இருக்கிறது. நல்ல டெய்லர் பக்கத் தையலிலும் பேண்ட் பின்பக்கத்திலும் உள்ளே கூடுதல் துணி மடித்து விட்டு வைப்பார், பிரித்துப் பெரிதாக்கலாம். ரெடிமேடில் அந்த அளவுக்கு விடமாட்டார்கள். தம்பி, ஆறு வாரம் என்றால் இந்த வாரமே அளவு கொடுத்துவிடு. நூலோட்டிய நிலையில், அதாவது பிரிக்கிற மாதிரித் தற்காலிகமாகத் தைத்திருக்கும்போதே, ஒரு டிரயல் கட்டாயம் வேண்டும் என்று சொல், கையை ஒட்டித் தைத்த பிறகு கூப்பிட்டால் மாற்ற ஒன்றும் இருக்காது. ஆபீஸுக்குப் போடப்போகிற ஷூவும் சட்டையும் போட்டுக்கொண்டு போ. பேண்ட் நீளம் ஷூவை வைத்துத்தான்.

தம்பி: ஷூ இன்னும் வாங்கவில்லை சித்தப்பா. நாளைக்கு அதை முடித்துவிட்டு நேராக டெய்லரிடம் போகிறேன். டிரயல் போட்டோ குழுவில் போடுகிறேன்.

சித்தப்பா: முதுகுப் பக்கமும் எடு.