45 நாள் விதி: சின்ன யூனிட்டைக் காப்பாத்துதா, ஆர்டரைக் காலி பண்ணுதா?

ஓவர்லாக் (திருப்பூர்)
14 மெஷின் வெச்சு பவர் டேபிள் (மத்தவங்க துணியைக் கூலிக்குத் தைக்கற யூனிட்) ஓட்டறேனுங்க. நேத்து எனக்கு வேலை தர்ற ஒரு பார்ட்டி ஆபீஸ்ல இருந்து போன். "உத்யம் ரெஜிஸ்ட்ரேஷனைக் கேன்சல் பண்ணிட்டு வாங்க, அப்புறம் ஏப்ரல் ஆர்டர் பேசலாம்"ங்கறாங்க. உத்யம்னா குறு, சிறு, நடுத்தர நிறுவனம்னு அரசாங்கத்துல பதியறது. காரணம் வருமான வரிச் சட்டத்தோட 43பி(ஹெச்) பிரிவு.

தெரியாதவங்களுக்காக: குறு, சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை 45 நாளுக்குள்ள கொடுக்கலைன்னா, வாங்கினவர் அதை அந்த வருஷம் செலவாக் காட்ட முடியாது. வருமானத்துல சேர்த்து வரி கட்டணும். 2023 பட்ஜெட்ல கொண்டாந்தாங்க, 2024 ஏப்ரல் 1ல இருந்து அமல். எனக்கு நல்லது பண்ண வந்த சட்டம், இப்ப என் வயித்துலயே அடிக்குது. இருந்தாலும் சட்டம் வேணும்னுதான் சொல்வேன். உங்க கருத்து?

ஜவுளி மொத்தம் (ஈரோடு)
தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்தச் சட்டத்தை எழுதினவர் ஒரு நாளாவது ஜவுளிச் சந்தையில உக்காந்திருக்கணும். தீபாவளிச் சரக்கு ஆவணியில கடைக்குப் போகுது. பணம் எப்ப வருது? தை பொறந்தாத்தான் வருது. கடைக்காரர் எனக்கு 120 நாள்ல கொடுத்தா எந்தச் சட்டமும் கேக்காது. நான் தறிக்காரருக்கு 46ஆவது நாள் கொடுத்தா நான் குத்தவாளி. இது என்னங்க நியாயம்?

நூல்கடை
அண்ணா சொல்றது சரி. நான் நூல் வாங்கி நூல் விக்கிறவன். எங்கிட்டயும் உத்யம் சர்டிபிகேட் இருக்கு. ஆனா 2021ல வியாபாரிகளையும் உள்ள சேர்த்தப்பவே, பேங்க் கடன்ல முன்னுரிமை மட்டும்தான், மத்த சலுகை கிடையாதுன்னுட்டாங்க. எனக்கு வர வேண்டியது வரலைன்னா கேக்க நாதி இல்ல. மில்லுக்கு நான் கொடுக்க வேண்டியது மட்டும் சட்டத்துக்குள்ள வருது.

ஓவர்லாக்
ரெண்டு பேரும் நாலு மாசம், அஞ்சு மாசம்னு பேசறீங்க. எங்கதையைக் கேளுங்க. ரெண்டு லட்சத்துக்குத் தையல் பில் போட்டா 5% ஜிஎஸ்டி பத்தாயிரம். அதை அடுத்த மாசம் 25க்குள்ள நான் கட்டியாகணும். பார்ட்டி கொடுத்தாரா இல்லையான்னு கவர்மெண்ட் கேக்காது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சம்பளம் கையில இல்லைன்னா, திங்கக்கிழமை டெய்லர் பக்கத்து யூனிட்டுல உக்காந்திருப்பார். உங்க பாக்கி ஒவ்வொண்ணும் எங்க வீட்டுல நகைக்கடன்.

எக்ஸ்போர்ட் அண்ணாச்சி
எல்லாருக்கும் எக்ஸ்போர்ட்காரன்னா பணத்துல புரள்றான்னு நெனப்பு. 2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா 50% வரி போட்டப்ப, பேக் பண்ணி நின்ன சரக்கையே "நிறுத்தி வை"ன்னாங்க. அந்த நெருக்கடியில ஏற்றுமதிப் பணம் உள்ள வர்றதுக்கான கெடுவை ரிசர்வ் வங்கியே 9 மாசத்துல இருந்து 15 மாசமாக்குச்சு. அதாவது எனக்குப் பணம் வர 15 மாசம் ஆகலாம்னு ஒரு கை எழுதுது, நீ 45 நாள்ல கொடுன்னு இன்னொரு கை எழுதுது. ரெண்டும் ஒரே அரசாங்கத்தோட கைதானே?

ஓவர்லாக்
நல்ல கேள்விதான் அண்ணாச்சி. ஆனா உங்களுக்கு ஆர்டரைக் காட்டினா பேங்க்ல பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே தர்ற கடன்) கிடைக்கும். எனக்கு அப்படி யார் கொடுப்பா? உங்க நெருக்கடிக்கு நான் ஏன் பேங்க் ஆகணும்?

கணக்குப்புள்ள
ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் தப்பாகப் புரிந்துகொண்டு சண்டை போடுகிறீர்கள்.

முதலில், 45 நாள் எல்லோருக்கும் கிடையாது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால்தான் அதில் சொன்ன நாள், அதுவும் 45க்கு மிகாமல். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். 2006ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டத்திலிருந்தே இதுதான் விதி. வருமான வரி இப்போதுதான் அதைக் கையில் எடுத்திருக்கிறது.

ரெண்டாவது, தொகை செலவுக் கணக்கிலிருந்து ஒரேயடியாகப் போய்விடாது. எந்த வருஷம் கொடுக்கிறீர்களோ அந்த வருஷம் கழித்துக்கொள்ளலாம். கூட்டு நிறுவனம் ஒன்று மார்ச் 31ல் கெடு தாண்டிய பத்து லட்சம் பாக்கி வைத்திருந்தால், 31.2% கணக்கில் 3,12,000 ரூபாய் வரி முன்கூட்டியே போகும். வலிக்கும், ஆனால் நஷ்டம் அல்ல.

ஜவுளி மொத்தம் (ஈரோடு)
15 நாளா? முப்பது வருஷமா போன்ல "அம்பது பீஸ் அனுப்பு"ன்னு சொல்லித்தான் வியாபாரம். எழுத்து எங்க இருந்து வரும்?

கணக்குப்புள்ள
இனிமேல் வரணும் ஐயா. ஆர்டர் தாளில் ஒரு வரி, ரெண்டு பக்கக் கையெழுத்து. இந்த ஒரு வரி இல்லாததால் போன வருஷம் ஒருவருக்கு நாங்கள் உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் 15 நாள் கெடுவின்படி திருப்பிப் போட்டோம். அந்த ராத்திரி டீக்கணக்கே தனி.

ஓவர்லாக்
தம்பி ஒரு சந்தேகம். நவம்பர்ல போட்ட பில்லுக்கு மார்ச் 30ந் தேதி பணம் வந்தா?

கணக்குப்புள்ள
வருமான வரியில் ஒன்றும் ஆகாது. அதே வருஷத்துக்குள் கொடுத்துவிட்டாரே. தாமத வட்டி மட்டும் சட்டப்படி உங்களுக்குச் சேரணும்: ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் இப்போது 5.50%, ஆக 16.5%. அந்த வட்டியையும் அவர் செலவாகக் காட்ட முடியாது.

ஓவர்லாக்
அப்ப நாலு மாசம் இழுத்தாலும் மார்ச் 30க்குக் கொடுத்தா அவர் உத்தமர். இந்தச் சட்டம் வருஷம் பூரா தூங்கி மார்ச்ல மட்டும் முழிக்குதுங்களா? வட்டி கேக்கச் சொல்றீங்க. வட்டி கேட்டவனுக்கு அடுத்த ஆர்டர் யார் தருவா?

நூல்கடை
குறு, சிறு நிறுவனங்களோட பாக்கியை விசாரிக்கற அரசாங்கக் கவுன்சில்ல புகார் கொடுக்கலாமே. 90 நாள்ல தீர்ப்பு சொல்லணும்னு சட்டத்துலயே இருக்கு. தோத்த பார்ட்டி அப்பீல் போனா 75% பணத்தைக் கட்டிட்டுத்தான் போகணும்.

ஓவர்லாக்
பார்ட்டியோட உறவு முறிஞ்சவன் போற இடம் அது. நான் இன்னும் அவங்க துணியைத்தான் தைச்சுட்டு இருக்கேன்.

ஜவுளி மொத்தம் (ஈரோடு)
இன்னொண்ணு யாரும் பேசல. 2025 ஏப்ரல்ல இருந்து "சிறு" நிறுவனம்னா முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி வரைக்கும். முந்தி 10 கோடி, 50 கோடி. எட்டுக் கோடி விக்கிற நான், 90 கோடி விக்கிறவருக்கு 45 நாள்ல பணம் கட்டணும், ஏன்னா அவர் "சிறு"! தம்பி மாதிரி 14 மெஷின்காரருக்காக வந்த சட்டம்னு சொல்லித்தானே கொண்டாந்தாங்க? தம்பியைக் காட்டி யாரோ சாப்பிடறாங்க.

ஓவர்லாக்
இதை ஒத்துக்கறேன். 90 கோடிக்காரரும் நானும் ஒரே பந்தியில உக்காந்தா இலை யாருக்கு முதல்ல விழும்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்காகப் பந்தியையே கலைக்கணும்னு சொல்லாதீங்க. குறு நிறுவனத்தை மட்டும் தனியாப் பிரிச்சு வைக்கச் சொல்லுங்க, நானும் கூட வந்து மனு கொடுக்கறேன்.

எக்ஸ்போர்ட் அண்ணாச்சி
2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வருதே, 2025 சட்டம். அதுல இது போயிருமா?

கணக்குப்புள்ள
போகாது. பிரிவு எண் மாறும், விதி அப்படியேதான் இருக்கு. ஓவர்லாக் அண்ணா, உத்யமைக் கேன்சல் பண்ணாதீங்க. பேங்க்ல சிறுதொழில் கணக்குல வர்ற கடன் வசதி கையை விட்டுப் போகும். அப்புறம் அந்தப் பார்ட்டி பி.ஓ.வில் (ஆர்டர் தாளில்) எத்தனை நாள் போட்டிருக்கு?

ஓவர்லாக்
45 நாள்னு அச்சடிச்சே இருக்கு. ஆனா கூத்து கேளுங்க. ஜனவரி 29ந் தேதி சரக்கை இறக்கிட்டேன். அவங்க இன்வேர்டுல (சரக்கு வரவுப் பதிவுல) பிப்ரவரி 16ன்னு போட்டிருக்காங்க. கேட்டா "செக்கிங் முடிஞ்ச தேதிதான் கணக்கு"ங்கறாங்க. 16ல இருந்து எண்ணினா ஏப்ரல் 2 வருது. மார்ச்சைத் தாண்டியாச்சு பாருங்க.

கணக்குப்புள்ள
சரக்கில் குறை இருக்குன்னு 15 நாளுக்குள்ள எழுத்தில் ஏதாவது கொடுத்தாங்களா?

ஓவர்லாக்
ஒரு மெசேஜ்கூட இல்ல.

கணக்குப்புள்ள
அப்படின்னா சரக்கு இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஜனவரி 29ல் இருந்து 45 நாள், மார்ச் 15. டெலிவரி சலான் வெச்சிருக்கீங்களா?

ஓவர்லாக்
இருக்கு. கேட்ல செக்யூரிட்டி சீல் குத்தி, நேரம் 4.40ன்னு பென்சில்ல எழுதியிருக்கார்.

ஜவுளி மொத்தம் (ஈரோடு)
தம்பி, நான் எதிர்க்கட்சிதான், இருந்தாலும் சொல்றேன். பென்சில் அழிஞ்சிரும். இப்பவே போட்டோ புடிச்சு அந்தப் பார்ட்டிக்கே வாட்ஸ்அப்ல போடுங்க. "மார்ச் 15 பேமெண்ட் எதிர்பார்க்கிறேன், நன்றி"ன்னு மரியாதையா ஒரு வரி. வட்டின்னு வாயைத் திறக்காதீங்க.

ஓவர்லாக்
போட்டுட்டேனுங்க. ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. அரை மணி நேரமா "டைப்பிங்"னு வருது, நிக்குது, வருது.