எடின்பரோவில் நான்கு நாள்கள்: துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு எதைக் காட்டலாம்?

வினா (இராயபுரம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; வயது 71. வரும் மே மாதம் கிளாஸ்கோவில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு அவரை அழைத்துச் செல்கிறேன். அதில் நான்கு நாள்களை எடின்பரோவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நடப்பார், ஏற்றம் என்றால் சிரமம். பயண முகவர் ஒருவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒரே நாளில் கோட்டை, அரண்மனை, மூன்று அருங்காட்சியகங்கள் என்று இருக்கிறது. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. அப்பா வெளிநாடு போவது இதுவே முதல் முறை. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று போய் வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (பெரம்பூர்)

சகோதரி, என் தாயாரை அங்கே அழைத்துச் சென்று வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். பழைய நகரம் ஒரு மலைமுகட்டின் மேல் அமைந்தது. மேற்கே உச்சியில் கோட்டை, கிழக்கே அடிவாரத்தில் ஹோலிரூட் அரண்மனை. இரண்டையும் இணைக்கும் தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். நாங்கள் விவரம் புரியாமல் அரண்மனையிலிருந்து மேல்நோக்கி நடக்கத் தொடங்கி, முக்கால் வழியில் செயிண்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குள் அம்மாவை உட்கார வைக்க வேண்டியதாகிவிட்டது. நீங்கள் டாக்சியில் நேரே கோட்டைக்குப் போய், அங்கிருந்து இறங்கி வாருங்கள். கோட்டைக்குள்ளும் கல் பாவிய ஏற்றம்தான். நடக்க இயலாதவர்களை மேலே கொண்டு செல்ல ஒரு வண்டி உண்டு, நுழைவாயிலில் கேளுங்கள்.

அங்கே 1457இல் அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பரிசாக வந்த, ஆறு டன் எடையுள்ள மான்ஸ் மெக் பீரங்கியைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் அப்பா தவறவிடக் கூடாதது ஒரு மணிப் பீரங்கிதான். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும் பகல் ஒரு மணிக்கு அதைச் சுடுகிறார்கள். கப்பல்காரர்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்காகவே 1861இல் இந்த வழக்கம் தொடங்கியது. அதற்கு முன்பு கால்ட்டன் குன்றில் உள்ள நெல்சன் நினைவுக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பெரிய பந்து இறங்கும். கடலில் இருப்பவர்கள் அதைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்வார்கள். மூடுபனி நாளில் பந்து கண்ணுக்குத் தெரியாதே என்றுதான் பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். ஒலி காற்றில் வந்து சேரவும் நேரம் பிடிக்கும் அல்லவா? அதனால் எந்த இடத்தில் எத்தனை விநாடியைக் கழிக்க வேண்டும் என்று காட்டும் வரைபடமே அக்காலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டரைக்கே போய் இடம் பிடித்துவிடுங்கள். வெடித்த நொடியில் என் அம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்; பிறகு நிதானமாகத் தம் கைக்கடிகாரத்தின் திருகைத் திருப்பி நேரத்தைச் சரிசெய்தார்.

சேம்பர்ஸ் தெருவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். கட்டணம் இல்லை, மின்தூக்கி உண்டு. வளர்ந்த ஆட்டின் உயிரணுவிலிருந்து 1996இல் நகலாக உருவாக்கப்பட்ட டாலி என்னும் ஆட்டின் பதப்படுத்திய உடல் அங்கேதான் இருக்கிறது. 1831இல் லூயிஸ் தீவில் கண்டெடுத்த, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்களில் 11 அங்கே உள்ளன. கன்னத்தில் கை வைத்துக் கவலையோடு அமர்ந்திருக்கும் அரசியின் முகத்தைக் குனிந்து பாருங்கள். விரல் உயரக் காயில் அத்தனை துயரம்! எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நினைவுச் சின்னத்தில் 287 படிகள். கீழிருந்து பார்த்தால் போதும்.

மறுமொழி (காசிமேடு)

மேலே சொன்னவற்றோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். ஆனால் துறைமுகத்தில் உழைத்தவரை லீத் பகுதிக்கு அழைத்துப் போகாமல் திரும்பிவிடாதீர்கள். எடின்பரோவின் துறைமுகம் அது; தனி நகராட்சியாக இருந்ததை, மக்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்று வாக்களித்தும் 1920இல் எடின்பரோவோடு சேர்த்துவிட்டார்கள். வட சென்னைக்காரர்களுக்கு அந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. இப்போது டிராம் வண்டி பிரின்சஸ் தெருவிலிருந்து லீத் வழியாக நியூஹேவன் வரை போகிறது.

லீத்தில் பிரிட்டானியா என்னும் அரச குடும்பத்துக் கப்பல் நிற்கிறது. 1953இல் கடலில் இறக்கி, 1997இல் பணியிலிருந்து விடுவித்தார்கள். கட்டணம் உண்டு, ஆனாலும் கொடுக்கலாம். எலிசபெத் அரசி கடைசியாக இறங்கிய 3.01 மணியிலேயே கப்பலின் கடிகாரங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. அப்பா இயந்திர அறையின் முன் நெடுநேரம் நிற்பார் என்று நினைக்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

நியூஹேவன் பழைய மீனவர் ஊர். அங்கத்துப் பெண்கள் மீன் கூடையை முதுகில் வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு எடின்பரோ வீதிகளில் விற்றுவந்தார்கள். ஹில், ஆடம்சன் என்னும் இருவர் 1840களில் அவர்களை எடுத்த படங்கள் புகைப்பட வரலாற்றில் பெயர் பெற்றவை. என் பாட்டி இங்கிருந்து சூளை வரை தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்றவர். அந்தப் படங்களில் ஒன்றைக் கண்டபோது, கூடையின் பாரத்துக்கு ஈடாகக் கழுத்து முன்னே வளைந்திருந்ததைத்தான் முதலில் கவனித்தேன்.

மறுமொழி (மண்ணடி)

ஒரே ஒரு குறிப்பு. நம் பாரிமுனை அருகே உள்ள ஆண்டர்சன் தேவாலயத்தை அப்பா அறிந்திருப்பார். ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுப்பி 1837இல் சென்னைக்கு வந்த ஜான் ஆண்டர்சனின் பெயர் அது. அவர் நடத்திய பள்ளியே சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1843இல் அத்திருச்சபை பிளவுபட்டபோது போதகர்கள் வெளிநடப்புச் செய்தது எடின்பரோவின் ஜார்ஜ் தெருவிலுள்ள செயிண்ட் ஆண்ட்ரூ தேவாலயத்திலிருந்துதான். ஆண்டர்சனும் பிரிந்தவர்கள் பக்கமே நின்றார். அந்தத் தெரு சமதரை. முழங்காலுக்குத் தொல்லை இராது.

வினா எழுப்பியவர் (இராயபுரம்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அனைத்தையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஆறு டன் பீரங்கியை அந்தக் காலத்தில் மலைமேல் எப்படி ஏற்றினார்கள் என்று இரவு உணவு முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை; ஆகவே அன்று லீத்துக்கும் நியூஹேவனுக்கும் போய்விட்டு, கோட்டையைத் திங்களுக்கு மாற்றியிருக்கிறேன்.