நித்யாவின் ஆறு நாடும் சித்தியின் ஒரே ஆறும்

நித்யா: எல்லாரும் பாருங்கள், டிசம்பர் பயணத்துக்கு அட்டவணை போட்டுவிட்டேன். 12 நாள், 6 நாடு. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம். வசந்தி சித்தி, போய் வந்தவர் நீங்கள்தான். எப்படி இருக்கிறது?

கார்த்தி: அடேயப்பா, ஆறு நாடா!

வசந்தி சித்தி: நித்யா, உழைத்துப் போட்டிருக்கிறாய் என்று தெரிகிறது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நானும் சித்தப்பாவும் இப்படித்தான் போனோம். ஒரு ஏஜென்ட் 9 நாளில் 5 நாடு காட்டினார். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை.

வசந்தி சித்தி: அடுத்த தடவை மேகாங் ஆற்றை மட்டும் பிடித்துக்கொண்டோம். லாவோஸ், கம்போடியா, வியட்நாம், மொத்தம் 24 நாள். அது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அம்மா: ஆற்றோடவே போனீர்களா?

வசந்தி சித்தி: முடிந்த வரைக்கும் ஆமாம் அக்கா. தாய்லாந்து எல்லையைத் தாண்டினால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கிருந்து லுவாங் பிரபாங்குக்கு மெதுவாகப் போகும் படகு, இரண்டு நாள். நடுவில் பாக் பெங் என்ற ஊரில் இரவு தங்க வேண்டும். லாவோஸின் தெற்கே கோன் அருவி குறுக்கே நிற்பதால் கடைசி வரை படகிலேயே போக முடியாது. லுவாங் பிரபாங்கிலிருந்து கம்போடியாவுக்கு விமானம்தான். லாவோஸ் மக்கள் ஆற்றை ‘மே நாம்’ என்கிறார்கள். மே என்றால் அம்மா, நாம் என்றால் தண்ணீர்.

நித்யா: அழகாக இருக்கிறதே சித்தி.

வசந்தி சித்தி: லுவாங் பிரபாங்கில் விடியும் முன்பே பிட்சுகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள். ஊர்ப் பெண்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, மூங்கில் கூடையிலிருந்து ஒட்டும் அரிசிச் சோற்றை ஆளுக்கு ஒரு கிள்ளு போடுகிறார்கள். வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பையன் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தான். பிட்சுகள் தங்கள் பாத்திரத்திலிருந்து எடுத்து அவன் கூடையை நிரப்பிவிட்டுப் போனார்கள். வாங்கின சோறு பத்தடி தள்ளி அடுத்தவருக்குப் போய்விட்டது. நாங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். கிட்டே போய் ஃபிளாஷ் அடிக்காதீர்கள், அவர்களுக்கு அது வழிபாடு.

அப்பா: கம்போடியாவின் அங்கோர் வாட் பற்றிச் சொல், வசந்தி.

வசந்தி சித்தி: அத்தான், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது. மேற்கு பார்த்த கோயில். சூரிய உதயத்துக்குக் குளக்கரையில் கூட்டம் நெருக்குகிறது. நாங்கள் அங்கே நிற்காமல் நேரே கிழக்குப் பக்கத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டோம். பாற்கடல் கடையும் சிற்பம் அங்கேதான், சுமார் 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் விஷ்ணு. கீழே தண்ணீரில் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. மந்தர மலை சுழலும் இடத்தில் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று அந்தச் சிற்பி யோசித்திருக்கிறார்! அந்த நேரத்தில் அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

அப்பா: டிக்கெட்?

வசந்தி சித்தி: ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாளே எடுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். அப்புறம் தொன்லே சாப் ஏரியை விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் மேகாங் பெருகியதும், ஏரியிலிருந்து வரும் ஆறு திரும்பி ஏரிக்குள்ளேயே ஓடும். ஏரி பல மடங்கு விரியும். தண்ணீர் வடிந்த பிறகு போனால் வீடுகள் உயரமான கம்பங்கள் மேல் நிற்பது தெரியும். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

கார்த்தி: ஆறு பின்னால் ஓடுமா? நம்பவே முடியவில்லை.

வசந்தி சித்தி: ஓடும் கார்த்தி. அந்த வெள்ளம்தான் அவர்களுக்கு மீன். மேலே லாவோஸில் 2019இலிருந்து சயாபுரி அணை இயங்குகிறது, சீனாவில் இன்னும் பல. வெள்ளம் முன்பு மாதிரி வருவதில்லை, மீனும் குறைந்துவிட்டது என்று எங்கள் படகுக்காரர் சொன்னார். கேட்கவே வேதனையாக இருந்தது.

அம்மா: வியட்நாமில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

வசந்தி சித்தி: கிடைக்கும் அக்கா. ‘சாய்’ என்று பலகை போட்ட கடையைத் தேடுங்கள், முழுக்கச் சைவம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே நிறையப் பேர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள், அன்றைக்குக் கடைகளில் கூட்டமாக இருக்கும்.

வசந்தி சித்தி: பணத்தில் மட்டும் கவனம். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். சித்தப்பா இளநீர்க்காரம்மாவிடம் பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். அந்த அம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, நோட்டைச் சித்தப்பா கையில் வைத்து, அதிலிருந்த பூஜ்யங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

நித்யா: சித்தி, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றையும் எடுத்துவிட்டேன். தாய்லாந்தும் வேண்டாம். லாவோஸை அடுத்த வருடத்துக்கு வைக்கிறேன். 12 நாளுக்குக் கம்போடியா, வியட்நாம் மட்டும். சரியா?

வசந்தி சித்தி: ரொம்பச் சரி! கம்போடியத் தலைநகர் புனோம் பென்னிலிருந்து படகிலேயே வியட்நாமுக்குள் போகலாம். ஆனால் எந்த எல்லை வழியாக நுழைகிறீர்கள் என்று இ-விசா விண்ணப்பத்தில் கேட்பார்கள், அந்தப் படகுத்துறையைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

கார்த்தி: வியட்நாமில் எங்கே தங்குவது?

வசந்தி சித்தி: கான் தோ. அங்கே காய் ராங் மிதக்கும் சந்தை. படகில் என்ன விற்கிறார்களோ அதை ஒரு நீண்ட மூங்கில் கழியில் கட்டித் தூக்கியிருப்பார்கள். அன்னாசி, பூசணி, முள்ளங்கி, எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு கழியில் வெறும் தென்னை ஓலை தொங்கியது. என்னவென்று கேட்டேன். அப்படியென்றால் படகையே விற்கிறார்கள் என்று அர்த்தமாம். சாலை வந்த பிறகு சந்தைக்கு வரும் படகுகள் வருடா வருடம் குறைகின்றன.

நித்யா: கான் தோவில் 3 இரவு போட்டுவிட்டேன்.

வசந்தி சித்தி: நல்லது கண்ணு. 5 மணிக்கே படகில் ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் சந்தை கலைந்துவிடும்.