நாம் போனதும் அவர்கள் வந்ததும்: குமரி மாவட்ட அனுபவங்கள்

முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பயணச் சலுகை என்று எதற்காகவாவது வீட்டுப் பெரியவரையோ நடக்க இயலாதவரையோ அழைத்துக்கொண்டு அலைந்திருக்கிறீர்களா? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அலுவலகத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மருமகள்

என் மாமா ஆயுள் முழுக்க ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேடேறிய மனிதருக்கு இப்போது சட்டைப் பொத்தானைப் போட இன்னொரு ஆள் வேண்டும். முதுமையின் நடுக்கம் என்றுதான் ஊரே சொன்னது. பார்கின்சன் என்று டாக்டர் சொன்ன பிறகும், அது மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் வரும் நோய் என்பதை யாரும் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண்தான் சொன்னாள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. பார்கின்சனும் அதில் உண்டு. தமிழக அரசு இதற்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. மாமா அதுவரை வாங்கியது முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும்.

வித்தியாசம் 800 ரூபாய்தானே, இதற்காகவா இவ்வளவு அலைச்சல் என்று கொழுந்தன் கேட்டார். மாத்திரை வாங்குகிறவர் அப்படிக் கேட்கமாட்டார்.

விண்ணப்பம், சான்று, மருத்துவக் குழு எல்லாம் ஒருவழியாக முடிந்தன. கைரேகைதான் முடியவில்லை. ரப்பர் பாலும் ஷீட் அடிக்கிற ஆசிடும் தேய்த்த விரல்கள், போதாததற்கு நடுக்கம். கருவியின் கண்ணாடியில் விரல் நிற்கவே இல்லை. “மக்களே, நான் அழுத்தித்தான் வைக்கிறேன்” என்று மாமா என்னிடம் சொன்னபோது அவருக்கு வியர்த்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கருவியோடு உட்கார்ந்திருந்த பெண் ஒரு காரியம் செய்தாள். அவருடைய முழங்கையை மேசையில் ஊன்ற வைத்தாள். மணிக்கட்டைத் தன் இடக்கையால் பிடித்துக்கொண்டு, விரலைக் கருவிக்குக் கொண்டுபோகாமல் கருவியை விரலுக்குக் கொண்டுவந்தாள். பெருவிரல், ஆள்காட்டி விரல் எல்லாம் ஏமாற்றிவிட்டன. மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பத்து விரலில் எது பொருந்தினாலும் போதும் என்பது எத்தனை இடங்களில் தெரியுமோ! விரல் கைவிட்டால் கண் கருவிழியை வைத்துச் சரிபார்க்கவும் வழி உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

மார்த்தாண்டம்

மேலே எழுதிய சகோதரிக்கு ஒரு சேர்க்கை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும். நம்மில் பாதிப்பேர் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் என்பதால் சொல்கிறேன். குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் வெள்ளை அட்டை. 40 முதல் 80க்குள் மஞ்சள். 80ம் அதற்கு மேலும் நீலம். சலுகைகள் பெரும்பாலும் 40இல்தான் தொடங்குகின்றன.

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்

தம்பிக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம். சாதாரண டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்குப் போகும் எனக்கும் 2021 முதல் டிக்கெட் கிடையாது. நல்லதுதான். ஆனால் பஸ்ஸின் முதல் படி அவன் இடுப்புக்கு வருகிறது. காசில்லாமல் ஏறலாம், ஏற முடிந்தால்! எங்கள் தடத்தில் ஒரு டிரைவர் மட்டும் மேடான ஓரமாகப் பார்த்து வண்டியை ஒட்டி நிறுத்துவார். அவர் வாராந்திர விடுப்பில் இருக்கும் நாளில் நாங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவோம்.

தக்கலை

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். கணவர் இல்லை. வீட்டையும் தென்னந்தோப்பையும் இளைய மகனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தார். பத்திரம் பதிவான பிறகு முன்பக்கம் வாடகைக்குப் போனது. டீச்சர் பின்கட்டு அறைக்குப் போனார். சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து போனது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த நிபந்தனையை 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. டீச்சரின் பத்திரத்தில், ஆயுள் முழுவதும் உணவும் இருப்பிடமும் தர வேண்டும் என்ற வரி இருந்தது. மகன் சங்கடப்பட்டும் அந்த வரியை விடாமல் சேர்த்தவர் பத்திர எழுத்தர். அவருக்குக் கோயில் கட்டலாம்.

மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் தீர்ப்பாயத் தலைவர். மகனுக்கு எதிராகக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார். “அம்மா, இது எதிர்ப்பு இல்லை, கேட்பது” என்று என் மனைவி பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். நான் எழுதிய மனுவில் ஒற்றுகளைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்திட்டார்! நோட்டீஸ் கிடைத்ததும் மகன் வந்தான். பத்திரத்தை ரத்து செய்யும் அளவுக்குப் போகவில்லை. முன்கட்டு காலியானது, மாதப் பணமும் முடிவானது. சட்டப்படி பராமரிப்புத் தொகைக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு. தயங்குகிறவர்கள் முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், கட்டணமில்லை.

மஸ்கட்டிலிருந்து, சொந்த ஊர் திருவட்டாறு

அம்மாவுக்கு 87. இரண்டு மகன்களும் வெளிநாட்டில். கூட இருப்பது ஒரு அத்தை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்றார்கள். 12டி படிவம் நிரப்பிக் கொடுத்தோம். சொன்ன நாளில் தேர்தல் பணியாளர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் எல்லோரும் எங்கள் மேட்டில் மூச்சுவாங்க ஏறி வந்தார்கள். கட்டிலைச் சுற்றி அட்டை மறைப்பு வைத்தார்கள். அம்மா அதற்காகக் கசவுச் சேலை உடுத்திக் காத்திருந்தார். எந்தச் சின்னம் என்று அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

அதே அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்காக உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஆண்டுதோறும் ஆட்டோவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஆட்டோவுக்கும் தூக்கிவிட வந்த பையனுக்கும் ஆன செலவை எழுதினால் சிரிப்பீர்கள். இப்போது தபால்காரரே கருவியோடு வருகிறார். கட்டணம் 70 ரூபாய். உள்ளூர்த் தபால் நிலையத்தில் சொல்லிவைத்தால் போதும்.

நாகர்கோவில்

நான் 66 வயதுக்காரன். 2020 மார்ச் வரை ரயிலில் 60 கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. கொரோனா வந்தது, சலுகை போனது. கொரோனா போயிற்று, சலுகை வரவில்லை. சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும்போது நான் முழு டிக்கெட். பார்வையில்லாத என் அண்ணனுக்கும் துணைக்குப் போகும் அண்ணிக்கும் சலுகை தொடர்கிறது. ரயில்வே தரும் சலுகை அட்டையை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் இணையத்திலும் பதிவு செய்யலாம். கவுண்டரில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை.