பிளெண்டர் ரெண்டரிங்குக்கு இரண்டரை லட்சத்தில் சிஸ்டம்: இந்த லிஸ்ட் சரியா?

கேட்டவர்: நிழற்கூத்து

வணக்கம். கோவையில் அசெம்பிள் செய்யப்போகிறேன். வேலை முழுக்க பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில்தான்: கேரக்டர் அனிமேஷன், அதன் சைக்கிள்ஸ் எஞ்சினில் ரெண்டர் (சீனை இறுதிப் படமாக்குவது). ஒரு நிமிடப் படம், 24 எஃப்பிஎஸ், ஃபுல் எச்டி. சில ஷாட்டில் புகை, தண்ணீர் சிமுலேஷன் உண்டு. மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் எழுதிக்கொடுத்த லிஸ்ட்:

ரைசன் 9 9950எக்ஸ் பிராசசர்
டிடிஆர்5 ரேம் 16 ஜிபி × 4
ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு, 12 ஜிபி
1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி
650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை)
கண்ணாடி முகப்பு கேபினெட்
600 விஏ யுபிஎஸ்

எதை மாற்றலாம்?

பதில்: முக்கோணவலை

லிஸ்டில் பணம் தவறான இடத்தில் போயிருக்கிறது. 16 கோர் பிராசசர் வாங்கிவிட்டு 12 ஜிபி கார்டில் நிற்கிறீர்கள். சைக்கிள்ஸை ஆப்டிக்ஸில் (என்விடியா கார்டில் ரெண்டர் செய்யும் முறை) ஓட்டினால் ரெண்டர் முழுக்க கார்டுதான் செய்யும். பிராசசர் பெரும்பாலும் சும்மா இருக்கும். வி-ரே, ஆர்னால்டு ஆகிய வேறு ரெண்டர் எஞ்சின்களை சிபியுவில் ஓட்டுபவர்களுக்கு 16 கோர் சரி. உங்களுக்கு 9900எக்ஸ், அதாவது 12 கோர், போதும். சிமுலேஷன் இல்லையென்றால் 8 கோர் 9700எக்ஸையே சொல்வேன். ரிக்கை (கேரக்டரை அசைக்கும் எலும்புக்கூடு) டைம்லைனில் ஓட்டும்போது ஒரு கோரின் வேகம்தான் பேசும். அதில் இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுங்கள்: 5070 டிஐ, 16 ஜிபி. வேகத்தைவிட விரேம்தான் (கார்டிலேயே உள்ள மெமரி) இங்கே முக்கியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 4கே டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் படம்) டிஸ்கில் 5 எம்பி ஜேபெக்காக இருந்தாலும் கார்டில் ஏறும்போது முழுதாக விரியும்: 4096 × 4096 × 4 பைட், அதாவது 64 எம்பி. ஒரு மெட்டீரியலுக்கு இப்படி நான்கு டெக்ஸ்சர் மேப் என்றால் 256 எம்பி. அப்படி 30 மெட்டீரியல் வைத்தால் 7.5 ஜிபி போய்விட்டது. இன்னும் ஜியாமெட்ரி, முடி, புகை எதுவும் வரவில்லை. பலர் கவனிக்காமல் விடுவது எச்டிஆர்ஐ, அதாவது சீனுக்கு ஒளியும் பின்னணியும் தரும் படம். 32 பிட் 16கே படம் ஒன்றே 2 ஜிபி பிடிக்கும். அதையே 8கே ஆக்கினால் 512 எம்பி. பின்னணியில் மங்கலாகத் தெரியப்போகும் வானத்துக்கு 16கே எதற்கு?

விரேம் நிரம்பினால் டெக்ஸ்சர்கள் சிஸ்டம் ரேமுக்கு வழிந்து ரெண்டர் தவழ ஆரம்பிக்கும், அல்லது மெமரி போதவில்லை என்று நின்றே போகும். பிளெண்டரின் சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் லிமிட் வைப்பது முதலுதவி.

பதில்: செம்புக்கம்பி

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவை:

ரேமை நான்கு குச்சியாக வாங்கவே வாங்காதீர்கள். ரைசன் 9000 வரிசையில் இரண்டு குச்சி போட்டால் ஏஎம்டி சொல்லும் வேகம் 5600. நான்கு போட்டால் 3600. எக்ஸ்போவை (ரேம் வேகத்தை ஏற்றும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்து 6000க்கு ஏற்ற முயன்றால் பூட் ஆகாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது சகஜம். 32 × 2 வாங்கி, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். தண்ணீர் சிமுலேஷன் கனமாக இருந்தால் 48 × 2. முதல் பூட்டில் மெமரி டிரெய்னிங் (ரேமுக்கேற்ப சிஸ்டம் தன்னைச் சரிசெய்வது) நடக்கும். சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பதறி ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்: 5070 டிஐ 300 வாட், 9900எக்ஸ் உச்சத்தில் 162 வாட், மற்றவை 50-60. மொத்தம் 520 சொச்சம். கார்டு நொடிக்குள் துள்ளும் துள்ளலையும் சேர்த்தால் 650 போதாது. 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1, 80 பிளஸ் கோல்டு. கார்டின் 16 பின் கனெக்டரைக் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். வயரைக் கனெக்டர் அருகிலேயே மடிக்கக் கூடாது; மூன்றரை சென்டிமீட்டராவது நேராக வரட்டும். பாதி செருகிய கனெக்டர்தான் சூடேறி உருகுகிறது.

600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் ஓவர்லோடு அலறி, அதுவும் சேர்ந்து அணையும். விஏவைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 900 வாட் இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதாக இருந்தால் ப்யூர் சைன்வேவ் வேண்டும், பின்னால் உள்ள ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும். நார்மல் மோடில் மாறும் நேரம் அதிகம். ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

கண்ணாடி முகப்பு வேண்டாம். ஷோரூமுக்கு அழகு, அவ்வளவுதான். முன்பக்கம் வலை, உள்ளே இழுக்க இரண்டு 140 எம்எம் ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று. மே மாத வெயிலில் இரவு பகலாக ரெண்டர் ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும். கார்டின் பவர் லிமிட்டை 80-85 சதவீதமாகக் குறைத்தால் சூடும் சத்தமும் நன்றாகக் குறையும், வேகத்தில் இழப்பு கொஞ்சம்தான்.

பதில்: பழையகார்டு

விரேம்தான் முக்கியம் என்றால் செகண்ட் ஹேண்ட் 3090 ஏன் கூடாது? 24 ஜிபி.

பதில்: செம்புக்கம்பி

கூடாது என்றில்லை. ஆனால் அது 350 வாட் கார்டு, 2020 மாடல். மெமரி சிப்புகளில் பாதி பின்பக்கத் தகட்டுக்கு அடியில் இருக்கின்றன, அங்கே காற்று போவதில்லை. வாங்குமுன் கால் மணி நேரம் ரெண்டர் ஓட்டி எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் மெமரி ஜங்ஷன் வெப்பத்தைப் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் பட்டை) மாற்றாமல் தேறாது. வாரன்டியும் இருக்காது. கிளையன்ட்டுக்குத் தேதி சொல்லி வேலை செய்பவருக்குப் புதுசே மேல்.

நிழற்கூத்து

மிக்க நன்றி. 9900எக்ஸ், 32 × 2, 5070 டிஐ, 850 வாட் என்று மாற்றிவிட்டேன். பின்னாளில் இன்னொரு கார்டு சேர்த்தால் 32 ஜிபி ஆகுமா? 1 டிபி போதுமா?

பதில்: முக்கோணவலை

ஆகாது. இந்த கார்டுகளில் என்விலிங்க் (இரு கார்டுகளின் மெமரியை இணைக்கும் வசதி) இல்லை. ஒவ்வொரு கார்டும் முழு சீனையும் தன்னிடம் ஏற்றிக்கொள்ளும். ரெண்டர் நேரம் பாதிக்கு அருகே குறையும், இடம் 16 ஜிபிதான். பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் எஞ்சினான ஈவி ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும்.

1 டிபியை விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் வைத்துக்கொண்டு, சிமுலேஷன் கேஷுக்கு (கணக்கிட்டுச் சேமிக்கும் ஃபைல்கள்) தனியாக 2 டிபி போடுங்கள். மெமரி சிப் டிஎல்சி வகையா என்று கேட்டு வாங்குங்கள். க்யூஎல்சி டிரைவில் நூறு ஜிபி கேஷை ஒரே மூச்சில் எழுதினால் பாதியில் வேகம் படுத்துவிடும்.

இன்னொன்று. ஒரு நிமிடப் படம் 1440 ஃபிரேம். ஃபிரேமுக்கு 3 நிமிடம் என்றாலே 72 மணி நேரம். நேரடியாக எம்பி4 ஆக ரெண்டர் செய்யாதீர்கள். 1300ஆவது ஃபிரேமில் கரண்ட் போனால் ஃபைலே திறக்காமல் போகலாம். பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் வரிசையாக எடுங்கள், அவுட்புட்டில் ஓவர்ரைட்டை ஆஃப் செய்யுங்கள். நின்ற இடத்திலிருந்து தொடரும். ஆனால் பிளேஸ்ஹோல்டர் (ரெண்டர் தொடங்கும்போதே காலி ஃபைல் வைக்கும் செட்டிங்) ஆனாக இருந்தால், நின்றபோது பாதியில் இருந்த ஃபிரேம் காலி ஃபைலாகக் கிடக்கும். முடிந்தது என்று நினைத்து அதைத் தாண்டிவிடும். பூஜ்யம் பைட் ஃபைல்களைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.