மாவேலியும் வாண்டுகளும்: அங்கன்வாடி, பிளேஸ்கூல் ஓண அனுபவங்கள்

சித்தூரிலிருந்து, அங்கன்வாடி டீச்சர்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் பக்கம் எனக்கு வேலை. எல்லை ஊர். என்னிடம் வரும் பதினெட்டுக் குழந்தைகளில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் மலையாளம். மதியச் சோறு ஆவதற்குள் எல்லாரும் ஒரே கலவை மொழிக்கு வந்துவிடுவார்கள். இதுவரை ஒன்பது ஓணம் நடத்தியிருக்கிறேன். முதல் ஓணம் படுதோல்வி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருவோணத்துக்கு லீவு. அதனால் ஓண லீவு விடுவதற்கு முந்தின கடைசி வேலை நாள்தான் எங்களுக்கு ஓணம். அந்த வருஷம் ஹெல்பர் சேச்சியின் வீட்டுக்காரரை மாவேலி, அதாவது மகாபலி ராஜா ஆக்கினோம். ஆள் நல்ல உயரம். வயிற்றில் தலையணை, தங்கத்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம், கையில் ஓலைக்குடை, கறுப்புக் கம்பளி நூலில் முறுக்கு மீசை. 'யாரு வந்திருக்கா பாருங்க' என்று கதவைத் திறந்தோம். அவ்வளவுதான். ஒருத்தன் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டான். ரெண்டு பேர் அரிசி மூட்டைக்குப் பின்னால். பயப்படாத ஒரே ஒரு பெண் நேராகப் போய் மீசையைப் பிடித்து இழுத்தாள். மீசை கையோடு வந்துவிட்டது. அதுவரை தாக்குப்பிடித்தவர்களும் அதைப் பார்த்து அலறினார்கள். மாவேலி பாவம், மூஞ்சியில் பசையோடு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து மாவேலி வேஷத்தைக் குழந்தைகள் முன்னால்தான் போடுகிறோம். சேச்சி வீட்டு மாமா எப்போதும் போல லுங்கியோடு வந்து பாயில் உட்காருவார். ஒரு குழந்தை தலையணை எடுத்துக் கொடுக்கும், ஒன்று கிரீடம் வைக்கும், மீசை ஒட்ட மட்டும் அடிதடி நடக்கும். பத்து நிமிஷத்தில் மாமா மாவேலி ஆகிவிடுவார். அதற்கப்புறம் ஒரு அழுகை கிடையாது. 'மாவேலி மாமா, தூக்கு' என்று வரிசையில் நிற்பார்கள்.

கதை சொல்வதிலும் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றடி மண் கேட்ட வாமனன், மூன்றாவது அடிக்குத் தலையைக் காட்டிய மகாபலி என்று முழுசாகச் சொன்னேன். 'தலையில மிதிச்சா வலிக்காதா டீச்சர்?' என்று ஒரு கேள்வி வந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மத்தியானம் பார்த்தால் வாமனன் விளையாட்டு. ஒருத்தன் தரையில் படுத்திருக்கிறான், இன்னொருத்தன் அவன் தலையில் கால் வைக்கிறான். இப்போதெல்லாம் நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு நல்ல ராஜா இருந்தார், ஜனங்கள்மேல் அவருக்கு ரொம்பப் பிரியம், மண்ணுக்கு அடியில் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார், வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் பார்க்க வருவார். மிச்சத்தைப் பெரிய ஸ்கூலில் தெரிந்துகொள்ளட்டும்.

பூவுக்கு வருகிறேன். பெற்றோர் காசு போட்டுச் செண்டுமல்லி, வாடாமல்லி வாங்கித் தருகிறோம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அங்கன்வாடிக்குப் பின்னால் வரப்பு முழுக்கத் தும்பை. ஓணத்தின் முதல் நாளான அத்தத்தன்று தும்பையும் துளசியும் மட்டும் வைத்துச் சின்னதாகப் பூக்களம் (பூக்கோலம்) போடுவதுதான் பழைய வழக்கம். சேம்பு இலையைக் கும்பிளாக (கூம்பு மாதிரி) மடக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். தும்பைப் பூவை உருவ அந்தக் குட்டி விரல் போல நமக்கு வராது. ஆனால் எல்லாருக்கும் அதன் அடியில் தேன் இருப்பது தெரியும். உருவுவது, உறிஞ்சுவது, நசுங்கினதைக் கும்பிளில் போடுவது. அரை மணி நேரத்தில் மொத்தக் கும்பிளையும் கொட்டினால் ஒரு கைக்குட்டை அளவுதான் தேறியது. கூட உண்ணிப்பூவும் செம்பருத்தியும் சேர்த்து ஒப்பேற்றினேன்.

வட்டம் வரைந்து 'நீ மஞ்சள், நீ சிவப்பு' என்று பிரித்துக் கொடுப்பதெல்லாம் மூன்று வயதில் நடக்காது. உள் வட்டத்துக்குப் போக வெளி வட்டத்தை மிதித்துக்கொண்டுதான் போவார்கள். ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு கொடுத்துவிடுங்கள். எனக்குப் பதினெட்டுப் பூக்களம் கிடைத்தது. அதில் ஒன்றில் பூவே இல்லை, முழுக்கக் கூழாங்கல்.

இன்னொன்று சொல்ல இருக்கிறது, மாவேலிக்குக் குழி தோண்டின கதை. கடைசியில் வருகிறேன்.

தோவாளையிலிருந்து, பூ வியாபாரக் குடும்பம்

டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உண்ணிப்பூவைக் குழந்தைங்க கையில குடுக்காதீங்க. பூவோட அந்தக் காயும் வரும், பச்சைக் காய் வயித்துக்கு ஆகாது. எதையும் வாயில வைக்கிற வயசு.

அரளி அறவே வேண்டாம். எங்க சந்தையிலிருந்து ஓணத்துக்கு லாரி லாரியாக் கேரளாவுக்குப் பூ போகுது, அதுல அரளியும் உண்டு. வித்துப் பிழைக்கிறவனே சொல்றேன். 2024 மே மாசம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கக்கூடாதுன்னு நிறுத்திச்சு. இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். பெரியவங்க போடுற கோலத்துல இருந்துட்டுப் போகட்டும், சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல வேண்டாம். செண்டுமல்லி (நீங்க ஜமந்தின்னு சொல்றது), வாடாமல்லி, சம்பங்கி போதும். ஒரு கிலோ செண்டுமல்லியைப் பிய்ச்சுப் போட்டா எம்புட்டு இடம் நிரம்பும் தெரியுமா? பிய்க்கிற வேலையைப் பிள்ளைங்ககிட்ட விட்டுருங்க. பூக்களத்தைவிட அதுதான் அதுங்களுக்குத் திருவிழா.

ஓண வாரத்துல விலை ஏறும். முன்னாடியே சொல்லி வையுங்க.

கொச்சியிலிருந்து, ஒரு அம்மா

நாங்கள் மதுரைக்காரர்கள், வேலைக்காகக் கொச்சி வந்து நாலு வருஷம். மகளுக்கு மூன்றரை வயது. பிளேஸ்கூலில் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது காளன். சேனையும் நேந்திரங்காயும் போட்டுத் தயிரைக் கெட்டியாகக் குறுக்க வேண்டும். நான் செய்து கொண்டுபோனது நம்ம ஊர் மோர்க்குழம்புக்குக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். பக்கத்து ஃப்ளாட் சேச்சி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, 'நல்ல புளிசேரி' என்று சிரித்தார். புளிசேரி என்றால் இங்கத்து மோர்க்குழம்பு. குட்டு வெளிப்பட்டது.

ஆனால் காளனை யார் சாப்பிட்டார்கள்? இருபது வாண்டுகளை வரிசையாக உட்கார வைத்து, இலை நுனி இடது பக்கம் வரும்படி போட்டு, ஓலன், அவியல், எரிசேரி, தோரன், பச்சடி, புளியிஞ்சி என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினோம். பப்படம் வந்ததும் எல்லார் கையும் அங்கேதான். நொறுக்கினார்கள், சோற்றின்மேல் தூவினார்கள், பக்கத்து இலையில் இருப்பதையும் நொறுக்கினார்கள். அப்புறம் சர்க்கரை வரட்டி. பருப்பும் நெய்யும் பிசைந்து ஊட்டினதில் ரெண்டு வாய் உள்ளே போனது. மற்றதெல்லாம் இலைக்கு அலங்காரம்.

நான் கற்றுக்கொண்டது: சாம்பாரை இலையில் ஊற்றவே ஊற்றாதீர்கள், அது நேராக மடிக்கு ஓடி வரும். கசவுப் பாவாடையில் சாம்பார் கறை போகாது. பாயசத்தை முன்னாடியே ஆற வைத்துச் சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் கல் மாதிரி இருக்கும், மூன்று வயசுக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் அவித்த நேந்திரம்பழம்.

ஒரு ஆதங்கம். சாப்பாட்டுக்கு முன்னால் ஃபோட்டோ என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கரை உறுத்துகிற வேஷ்டி, ஜரிகை குத்துகிற பாவாடை, முல்லைப்பூ, வியர்வை. இலை போடும்போது நாலைந்து பேர் தூங்கி வழிந்தார்கள். 'காணம் (சொத்து) விற்றாவது ஓணம் உண்' என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. உண்ணத்தான் சொல்லியிருக்கிறார்கள், படம் பிடிக்கச் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். என் மகள் அழகாக மடித்தாள். சாயங்காலம் பையைத் திறந்தால் உள்ளே அந்த இலை, அவியலோடு. மதுரையிலிருந்து வந்திருந்த அப்பத்தாவுக்காம்.

திருச்சூரிலிருந்து, ஒரு அப்பா

இங்கே நாலாம் ஓணத்தன்று புலிகளி. உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாக வரைந்துகொண்டு, தொந்தியில் புலி முகத்தோடு சுவராஜ் ரவுண்டில் ஆடி வருவார்கள். நாலு வயசு மகனைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். செண்டைச் சத்தம் கேட்டதுமே என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். புலி பக்கத்தில் வந்து தொந்தியை ஆட்டியதும் எனக்குக் கழுத்து நனைந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அடுத்த வருஷம் சித்தூர் டீச்சர் சொன்ன அதே வழிதான், எனக்கு ஒரு பெயிண்டர் நண்பர் சொல்லிக் கொடுத்தார். காலையிலேயே புலி மடைக்கு, அதாவது புலி வேஷத்துக்குச் சாயம் பூசுகிற இடத்துக்கு, கூட்டிப் போனேன். விடியுமுன்னே உடம்பை மழித்துவிட்டு வந்து கையை நீட்டி நின்றால், பெயிண்ட் காய்ந்து முடிய மணிக்கணக்கில் ஆகும், உட்காரக்கூட முடியாது. அப்படி நின்ற ஒரு அண்ணனுக்கு யாரோ ஸ்ட்ராவில் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 'புலி ஸ்ட்ராவில குடிக்குது' என்று இவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு பயம் போயிற்று.

பிளேஸ்கூலில் எல்லாருக்கும் புலி வயிறு வேண்டும் என்று ஆனது. நிஜப் புலிக்கு அடிக்கிற சாயத்தில் வார்னிஷ் எல்லாம் கலப்பார்கள், குழந்தை உடம்புக்கு அது ஆகவே ஆகாது. அரிசி மாவு, மஞ்சள்தூள், கோடு போடக் கண்மை. குளித்தால் போய்விடும். மஞ்சள் மட்டும் ரெண்டு நாள் பனியனில் இருக்கும்.

வடகரையிலிருந்து

சின்னதாக ஒன்று. எங்கள் பக்கம் மாவேலியாக வருவது ஓணப்பொட்டன். தெய்யம் மாதிரி வேஷம், கையில் மணி, வாயே திறக்க மாட்டார். உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் வீடு வீடாக வருவார், அரிசி கொடுப்போம். பேசாததாலோ என்னவோ, என் மகள் கொஞ்சமும் பயப்படவில்லை. லீவு முடிந்து நர்சரி திறந்ததும் அங்கே 'பொட்டன் விளையாட்டு'. மணி ஆட்டுகிறவர் பேசக்கூடாது, பேசினால் அவுட். முழுசாகப் பத்து நிமிஷம் வகுப்பு அமைதியாக இருந்ததாம். டீச்சர் இதை வருஷம் முழுக்க நடத்தப் போவதாகச் சொன்னார்.

மறுபடி சித்தூர் டீச்சர்

தோவாளைக்காரருக்கு நன்றி. உண்ணிச்செடியை வேலியோடு வெட்டச் சொல்லிவிட்டேன்.

குழிக் கதை. மண்ணுக்கு அடியிலிருந்து வருவார் என்று சொன்னேன் இல்லையா, மறுநாள் ஒரு பையன் சாப்பாட்டு ஸ்பூனை எடுத்துக்கொண்டு முற்றத்தில் தோண்டிக்கொண்டிருந்தான். என்னடா என்றால், 'மாவேலிக்கு வழி'. கேட்டதும் இன்னும் நாலு பேர் ஸ்பூனோடு வந்துவிட்டார்கள். மூன்று நாள் வேலை நடந்தது. முழங்கை ஆழம். பக்கத்திலேயே களிமண்ணில் மாதேவர் செய்து வைத்தோம். ஓணத்துக்குக் களிமண்ணில் பிடித்து வைக்கிற ஓணத்தப்பனுக்கு எங்கள் பக்கம் மாதேவர் என்றுதான் பெயர். கூம்பாகப் பிடித்து, அரிசிமாவுக் கரைசல் ஊற்றி, உச்சியில் தும்பைக் கொத்து. குழந்தைகள் பிடித்ததில் பாதி கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

ஓணத்தன்று மாமா மாவேலி வேஷம் போட்டுக்கொண்டு நின்றபோது அந்தப் பையன் அவரை மேலும் கீழும் பார்த்தான். குழியைப் பார்த்தான். 'இவர் இதுக்குள்ள இருந்து வரல' என்றான். உண்மைதானே, அவன் கையால்தான் தலையணை கட்டினான். நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: 'இவரு மாமா மாவேலி. மண்ணு மாவேலி ராத்திரி வருவாரு.'

லீவில் மழை பெய்து குழியில் தண்ணீர் கட்டிக்கொண்டது. யாராவது தடுக்கி விழுந்தால் என் தலைதான் உருளும் என்று, திறந்த அன்றே சேச்சி மண் போட்டு மூடிவிட்டார். அவன் வந்து பார்த்தான். அழுவான் என்று தயாராக நின்றேன். 'போயிட்டாரு, மூடிட்டாரு' என்று சொல்லிவிட்டு ஸ்பூனைக் கொண்டுபோய்ச் சேச்சியிடம் கொடுத்தான்.